ரசமட்டத்தின் வலது முட்டி

கிளினிக் வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். டைல்ஸ்காரர் காதில் வாங்கவில்லை. செருப்பு நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்; தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்; அடுத்த கல்லுக்கு நகர்ந்து அதையும் தட்டினார். வரிசையாக நாற்காலிகளில் காத்திருந்த முட்டிவலிக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் வலியை மறந்து அவர் காலையே பார்த்தார்கள்.

"உள்ள காத்து. கலவை சரியாப் பரவல. ஜாயின்ட் வேற கோணல்," என்று மனைவியிடம் திரும்பினார். "வா, போலாம்."

"உங்க ஜாயின்ட் மட்டும் நேரா இருக்கா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் அவள்.

"தரையையே இப்படிப் போட்டு வெச்சிருக்கான். ஊசிய எங்க குத்துவானோ!"

"தரைய டாக்டரா போட்டாரு?"

அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார். வலது காலை மடக்காமல் அரைவட்டமாகச் சுழற்றி எடுத்துவைக்கிற நடை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓட முடிகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வரவேற்புப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை வழக்கம்போல அவள் தலையில் விழுந்தது.

கட்டட வேலை செய்கிறவர்கள் மத்தியில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர்; தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயர் அது. தரை மட்டமாக இருக்க வேண்டும், சுவர் தூக்காக, செங்குத்தாக நிற்க வேண்டும். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் கவலையில்லை. "என் வேலை மட்டம்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். புதிதாகக் கேட்கிறவர்கள், பாவம், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். வீட்டில் சாப்பாட்டு மேசை ஆடினால் அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். கல்யாண வயசிலிருந்தே முட்டி போட்டு முட்டி போட்டு, இரண்டு முட்டியிலும் தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரி காய்த்துக் கிடக்கிறது.

வலி வந்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது. அதை மறைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதென்று, உட்காரும்போதே சுவரோரமாகப் பார்த்து உட்காருவார். படியேறும்போது பாதியில் நின்று, யாரையோ கூப்பிட வேண்டியது ஞாபகம் வந்தமாதிரி செல்போனை எடுத்துப் பார்ப்பார். கேட்டால் செருப்பு சரியில்லை என்பார், படி உயரம் தப்பு என்பார், குளிர் என்பார். ஒருநாள் காலுறை மாட்ட முடியாமல் கட்டிலில் மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவரை மனைவி கையும் களவுமாகப் பிடித்தாள். "உடற்பயிற்சி" என்றார்.

அவளுக்குத் தபால் நிலையத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. முகவரி பாதி அழிந்த பொட்டலத்தைக்கூடப் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவாள். கட்டின புருஷனை ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லையே என்பதுதான் அவளுடைய மனத்தாங்கல்.

மூட்டுக்குள் ஊசி போட்டால் வலி போகும் என்ற சங்கதியைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. வேன் ஓட்டுகிறவன். யார் வீட்டில் என்ன நோய் என்றாலும் அவன் செல்போனில் அதற்கு ஒரு வீடியோ இருக்கும். "பாருங்க மாமா, இந்தாளு தடி ஊனிக்கிட்டு உள்ள போறாரு, வெளிய வரும்போது ஓடி வர்றாரு!"

ரசமட்டம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதிலிருந்து ஊசி என்றால் சம்மதம். ஆனால் எங்கே போடுவது என்பதில்தான் வந்தது வினை. முதல் கிளினிக் தரை பிடிக்காமல் போயிற்று. அடுத்த இடத்தில் நாற்காலி ஆடியது. இன்னொன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவரைக்கும் வந்தார்; அப்புறம் பார்த்தால் டாக்டர் ரொம்பச் சின்னப் பையனாக இருந்தாராம். அவள் ஒவ்வொரு தடவையும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவாள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு திரும்புவார்.

கடைசியில் ஒன்று பிடித்தது. வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. தரையில் முகம் பார்க்கலாம். தட்டிப் பார்த்தவர், "கல்லு மாதிரி இருக்கு" என்று கண்கலங்காத குறையாகச் சொன்னார். கழுத்தில் டை கட்டிய ஒருவர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அவர் பேசப் பேச ரசமட்டத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"உங்க ரத்தத்தையே எடுத்து, சுத்தம் பண்ணி, மூட்டுக்குள்ள செலுத்திடுவோம் சார். தேஞ்சது திரும்ப வளர்ந்துடும். பழையபடி ஓடலாம், குதிக்கலாம்."

"முட்டி போடலாமா?"

"தாராளமா!"

இவ்வளவு நேரமும் அவர் காலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதை மனைவி கவனித்தாள். "டாக்டர் எங்கங்க?" என்று கேட்டாள்.

"ஊசி போடுற அன்னிக்கு வருவாரு மேடம். இன்னிக்கே பதிவு பண்ணிட்டா தள்ளுபடி உண்டு."

"எக்ஸ்ரே கொண்டாந்திருக்கோம், அத யாராச்சும் பார்ப்பாங்களா?"

"அதெல்லாம் தேவையே இல்ல மேடம்."

அவள் எழுந்தாள். கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் சண்டை பிடித்துக்கொண்டது. "ஊர்ல இருக்கிற எல்லாத்துலயும் குத்தம் சொல்றீங்க, இந்த வழுவழுப்புல மட்டும் விழுந்துட்டீங்களே! அந்தாளு டாக்டரே இல்லைங்க!"

"அவன் ஒருத்தன்தான் சரியாயிடும்னு சொல்றான்."

"அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

"மத்தவன் எல்லாம் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? முட்டி போடாதேம்பான்." அவர் குரல் சட்டென்று உடைந்தது. "முட்டி போடாம நான் என்னத்தப் பண்றது? நின்னுக்கிட்டே தரை போடவா? சொல்லேன்!"

அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. காற்றுப் புகுந்த கல், கோணல் ஜாயின்ட், ஆடுகிற நாற்காலி எல்லாம் எதற்கென்று விளங்கிற்று. விளங்கியதால் கோபம் குறைந்துவிடவில்லை. இதை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இத்தனை அரைநாள் விடுப்பு மிச்சமாகியிருக்குமே என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஊசிப் பேச்சே இல்லை. ஒருநாள் மதியம் தபால் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. அவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரி. "உங்க வீட்டுக்காரர் குளியலறைக்குள்ள இருக்காரு. வேலை முடிஞ்சிருச்சு. வெளிய வரமாட்டேங்கிறாரு."

தம்பியின் வேனில் ஓடினாள். மூலையில் கடைசிக் கல்லையும் பதித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார் ரசமட்டம். பிடித்து எழ அங்கே ஒரு குழாய்கூட இன்னும் மாட்டியிருக்கவில்லை. முகமெல்லாம் வியர்வை.

"காயட்டும்னு உட்கார்ந்திருக்கேன்," என்றார்.

"எது, தரையா, நீங்களா?"

அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கும்போது வலியில் உதட்டைக் கடித்தாரே தவிர முனகவில்லை. "அந்த ஓரத்த மிதிக்காதடா, இன்னும் ஈரம்" என்று மச்சினனைத் திட்ட மட்டும் வாய் வந்தது.

மறுநாள் அவள் யாரையும் கேட்கவில்லை. தன்னோடு வேலை செய்கிறவளின் மாமியாருக்கு ஊசி போட்ட டாக்டரம்மாவிடம் அவரைக் கூட்டிப்போனாள். ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால், பழைய கட்டடம். தரை நெடுக விரிசல். ரசமட்டம் கீழே பார்த்தார். வாயைத் திறந்தார்.

"தரையப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க," என்றாள் அவள், "நான் இங்கயே உருண்டு அழுவேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா குள்ளமாக, அலுத்துப்போன முகத்தோடு இருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறைக்குள் நடக்கவிட்டார். முட்டியை மடக்கி, நீட்டி, கட்டைவிரலால் அங்கங்கே அழுத்தினார். சர்க்கரை உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா, என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். கேள்வி அவரிடம் போனது; பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"ஊசி போட்டா சரியாயிடுமா?" என்றார் ரசமட்டம்.

"சரியாகாது. வலி குறையும். சிலருக்குக் கொஞ்ச மாசம் தாங்கும். சிலருக்கு அதுவும் இல்ல. நினைச்சப்பல்லாம் போட்டுக்கவும் முடியாது, மூட்டுக்கு அதுவே கெடுதி. வலி குறைஞ்சிருக்கிற நேரத்துல தொடைக்குப் பலம் வர்ற மாதிரி பயிற்சி பண்ணணும். முட்டி போடுறதக் குறைக்கணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். நான் சொன்னேனில்லையா என்கிற பார்வை. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

 வெளியே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"சுவர் வேலை இருக்கு," என்றார் ரசமட்டம். "இடுப்புக்கு மேல நின்னுக்கிட்டே பதிக்கலாம். அவ்வளவா கிடைக்காது. தேடினா கிடைக்கும்."

"தேடுங்க," என்றார் டாக்டரம்மா. "சரி, வேற எங்கயாச்சும் வலி இருக்கா?"

"இல்ல டாக்டர், வலது முட்டி மட்டும்தான்," என்றாள் மனைவி.

ரசமட்டம் மனைவி முகத்தைப் பார்க்காமல் குனிந்து, தன் கால்சட்டையின் இடது காலை மெதுவாக மேலே சுருட்ட ஆரம்பித்தார்.