நல்ல குடித்தனக்காரர்

நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்புகள் கிடந்தால் அது கல்யாண வீடு, இல்லையென்றால் சாவு வீடு. ஆக்லாந்தில் சனிக்கிழமை காலை அப்படிக் கிடந்தால் அந்த வீடு வாடகைக்கு வருகிறது என்று அர்த்தம். கால் மணி நேரம் திறந்து வைப்பார்கள். எல்லோரும் சாக்ஸ் காலோடு வரிசையாகப் போய்க் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். 2015 ஜூன், ஜூலைக் குளிரில் நாங்கள் அப்படிப் பதினொரு வீடுகள் பார்த்திருந்தோம். ஒன்றும் அமையவில்லை.

அப்போது ஒடாஹுஹுவில், யாழ்ப்பாணத்து மேரி அக்காவின் வீட்டில், ஓர் அறையில் நானும் கணவர் முரளியும் மகள் நிவேதாவும் இருந்தோம். அடுத்த வருடம் அவளுக்கு உயர்நிலைப் பள்ளி. நாங்கள் நினைத்திருந்த பள்ளியில் இடம் வேண்டுமென்றால் ஆகஸ்டுக்குள் அந்தப் பள்ளியின் எல்லைக்குள், எப்சமில் ஒரு முகவரி வேண்டும். இங்கே வாடகை வாரக் கணக்கு. எப்சமின் ஒரு வார வாடகை சென்னையில் நாங்கள் குடியிருந்த நங்கநல்லூர் வீட்டின் இரண்டு மாத வாடகை. இங்கு வந்தால் செலவு எவ்வளவு ஆகும் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் தொகை எதுவும் சொல்வதில்லை. காலிஃப்ளவரைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, ஓசைப்படாமல் திரும்ப வைக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்பேன். பதினான்கு வருடம் வங்கியில் இருந்தவள், த்ரீ கிங்ஸில் ஒரு கடையில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தேன். அலுத்துப்போயிருந்தேன்.

பன்னிரண்டாவது வீட்டில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்காமல் யார் சாவி தருகிறார்கள்? நங்கநல்லூர் வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் சிவராமன் சார் திருப்பித் தந்த அட்வான்ஸும் என் பி.எஃப். பணமும் கையில் இருந்தன. அந்த அட்வான்ஸில் பெயிண்ட் செலவென்று அவர் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அதற்காக வாசலிலேயே சண்டை போட்டு, சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறியவள் நான்.

வீடு காட்ட வந்த ஏஜென்ட் பெண்ணிடம் தனியாகப் போய், நாலு மாத வாடகையை இன்றே ரொக்கமாகத் தருகிறோம் என்றேன். அவள் "நோ, நோ" என்று ஓரடி பின்னால் போனாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து ஆறு மாதமாக்கினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. படிவத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினாள். முன்பு இருந்த வீட்டின் உரிமையாளர், தொலைபேசி எண்.

மேரி அக்கா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ பிள்ளை, லஞ்சம் எண்டெல்லோ நினைச்சிருப்பாள்! நாலு கிழமை வாடகையைத்தான் பாண்ட் எண்டு அட்வான்ஸா வாங்கலாம், அதுக்கு மேல இங்க வாங்கேலாது. முந்தின வீட்டுக்காரர் உங்களைப் பற்றி நல்லாக் கதைக்கோணும்."

"நீங்களே சொல்லுங்களேன் அக்கா."

"நான் எப்பிடிச் சொல்லுறது? நானும் வாடகைக்குத்தான் இருக்கிறன். நீங்கள் இங்க இருக்கிறதே என்ர வீட்டுக்காரனுக்குத் தெரியாது."

இரண்டு நாள் தயங்கிவிட்டு சிவராமன் சாருக்கு போன் செய்தேன். வெட்கமாக இருந்தது. ஏஜென்ட் பெண் கேட்டதைச் சொல்லிவிட்டு, "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்" என்றேன்.

"அத விடும்மா. அந்தப் பொண்ண என்கிட்ட பேசச் சொல்லு."

அடுத்த வாரம் வீடு எங்களுக்கு என்று தகவல் வந்தது. ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனோம். "உங்கள் பழைய வீட்டுக்காரர் இருபது நிமிடம் விடாமல் பேசினார்" என்று அந்தப் பெண் சிரித்தபடி ஒப்பந்தத்தை எடுத்து வைத்தாள். முரளி ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அப்போது என் போன் அடித்தது. சிவராமன் சார்.

"வீடு கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது சார். உங்களாலதான்."

"வீட்ட சுத்தமா வச்சுப்பாங்க, வாடகை ஒரு நாள் தள்ளினதில்லன்னு சொன்னேன். உள்ளதத்தானே சொன்னேன். அப்போ இந்த வீட்ட வேற யாருக்காவது விட்டுடலாம், இல்ல? சண்ட போட்டுட்டுப் போனாலும், ஒருவேள திரும்பி வந்துடுவீங்களோன்னு ஆறு மாசமா பூட்டியே வச்சிருக்கேன்."

விட்டுவிடுங்கள் என்பதுதான் நியாயமான பதில். முரளி முடித்துவிட்டுப் பேனாவை என் கையில் கொடுத்தார். என் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினாள் அந்தப் பெண்.

"இன்னும் ஒரு மாசம் மட்டும் யாருக்கும் விடாம பாருங்களேன் சார்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.