வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

மலையாளம் பேசும் எங்கள் ஊரில், ஆரியசாலைக்குப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அதனால்தானோ என்னவோ, என்னைப் பெற்றோர் கமிட்டியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு டீச்சர், வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர்களில் ஒருவர் வகுப்பில் மற்றவரை உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு எங்கே புரியவில்லை என்று சேர்ந்து பேசவைத்தார். அதற்குப் பிறகுதான் என் மகள் திக்காமல் வாசித்தாள். தலைமையாசிரியருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

கமிட்டிக் கூட்டம் என்றால் டீயும் பழம்பொரியும்தான். முடிந்ததும் தலைமையாசிரியர், கூட்டத்தில் பேசியதை எழுதும் மினிட்ஸ் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தை நீட்டுவார். "ஒரு ஒப்பு இடுங்க சேச்சி, மீதியை நான் எழுதிக்கிறேன்" என்பார். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். நானும் போடுவேன்.

ஒருநாள் அந்த டீச்சர், அப்படி நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத்தின் நகலைக் காட்டினார். வெள்ளிக்கிழமைப் பேச்சால் பாடம் கெடுகிறது, இந்த டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று பெற்றோர் கேட்டதாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

"இது உங்க ஒப்புதானே அக்கா?" என்றார் மெதுவாக.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மனிதரை நினைத்தும், என்னை நினைத்தும்.

நான் அப்படிக் கேட்கவே இல்லை என்று அன்றே என் கையால் எழுதிக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். மாற்றல் நின்றது. தலைமையாசிரியரோ, "எல்லா ஸ்கூல்லயும் உள்ளதுதானே சேச்சி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் அருவருக்கிறது.

இப்போது அவர் எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்து, கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.