சூசை அண்ணாச்சியும் முன்கண்ணாடியும்

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சூசை அண்ணாச்சியின் மைத்துனர் பெரியதாழையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். "மச்சான் போயிட்டாருய்யா. சாயங்காலம் அடக்கம்" என்றார். துணியைப் பிழிந்து உலரப் போட்டுவிட்டு வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. ஆறு வருடமாகச் சுமந்த அலுப்பு.

அடக்கத்துக்கு நம் ஸ்டாண்டிலிருந்து பதினோரு பேர் போனோம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது நம்மில் ஒருவர், "பாவம், கண்ணாடி மாட்டப் போயி கண்ணக் குடுத்த மனுசன்" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஸ்டாண்டு நண்பர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் ஒரே முதலாளியின் வாடகைக் காரை நாள் மாற்றி நாள் ஓட்டியவர்கள். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். டயர் பஞ்சரை அவரே ஒட்டுவார். ஆனால் ஹாரன் கொஞ்சம் கரகரத்தாலும் ஆளைத் தேடிப் போய்விடுவார். "இதுக்குமா அண்ணாச்சி ஆளு?" என்று நான் கேலி செய்வேன். "தெரிஞ்ச வேலய நாம பாப்போம். தெரியாத வேலக்கி ஆளக் கூப்பிடுலே. அதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்பார். எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு, சாமான் கிடைக்காத யுத்த சமயம். துறைமுகச் சாலையில் முன்னால் போன லாரியிலிருந்து தெறித்த கல் பட்டு, காரின் முன்கண்ணாடியில் ஓட்டுகிறவர் பக்கத்துப் பாதி நொறுங்கிவிட்டது. மதுரை மெக்கானிக், அந்தக் காருக்கு உரிய கண்ணாடியும் ரப்பரும் வாங்கி வந்து மாட்டப் பத்து நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார். முதலாளியோ அந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். படம் சட்டம் போடுகிற கடையில் ஒரு கண்ணாடியை அளவாக அறுத்து வாங்கி நாமே மாட்டிவிடலாம் என்றேன் நான். ரப்பருக்கு எங்கே போவது என்று அவர் கேட்டார். அதற்கும் வழி வைத்திருந்தேன். என் மாமன் தோணிக்குக் கலப்பத்து அடிக்கிறவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிற வேலை.

"கொழும்புக்குப் போயிட்டு வார தோணியில ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல அண்ணாச்சி. ஒரு கண்ணாடி நிக்காதா?"

"தோணி தண்ணியில கெடக்குலே. வண்டி வெயில்ல கெடக்கு."

பதில் தெரியாதவன் கத்துவான். நானும் கத்தினேன். "ஒமக்கு எல்லாத்துக்கும் பயம். பத்து நாளு கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திரும்!" "சரி, போடு" என்றார் அவர்.

போட்டேன். இறுகிய பிறகு தட்டிப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை அவருடைய முறை. என் கைவேலையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் உச்சி வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து குங்கிலியம் இளகி, கண்ணாடியின் கீழ் விளிம்பில் கசிந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் சொன்னது சரியென்று ஆகிவிடுமே. அடுத்த குழியில் வண்டி இறங்கி ஏறியது. கண்ணாடி சரிந்து சட்டத்தில் மோதி உடைந்து அவர் முகத்தில் விழுந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் இடது கண் போய்விட்டது என்றார்கள். நான் அவர் கட்டிலருகே நின்று அழுதேன். "மொதலாளிட்ட நாந்தான் மாட்டுனேன்னு சொல்லிட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் அண்ணாச்சி?" என்றேன். "எனக்கு இனி வண்டி கெடயாது. ஒன்னயும் ஏன் எறக்கணும்? ஒருத்தனாவது ஓட்டு. பெறவு, சரின்னு சொன்னவன் நாந்தானே." அந்தக் கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பின் நீங்கள் பார்த்ததுதான். ஸ்டீயரிங்கைத் தொடாமல், வருகிறவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுத்துக்கொண்டு ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். எந்த வண்டியில் எது பழுதானாலும் "கண்ணாடி அண்ணாச்சியக் கூப்பிடு, மாட்டித் தருவாரு" என்று கேலி செய்தோம். செய்தோம் என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கூட்டத்தில் நானும் சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், "ஆமா, என் கைவரிச அப்படி" என்பார். இரண்டு மாதத்துக்கு முன்பு உடம்பு முடியாமல் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ் ஏற்றிவிடப் போனபோது, "எல்லார்ட்டயும் சொல்லிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நான் இருக்கிற மட்டும் வேண்டாம்லே. இத்தன நாளு பொய் சொன்னமேன்னு எனக்கு வெக்கமாருக்கும்" என்றார்.

அவர் உடைமை என்று என்னிடம் வேறொன்றும் இல்லை. அவர் எனக்குக் கொடுத்த அந்தப் பொய்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆறு வருடம் வண்டி ஓட்டிவிட்டேன். நண்பர்களே, அந்தக் கண்ணாடியை மாட்டியவன் நான். வேண்டாம் என்றவர் அவர். இனி ஸ்டாண்டில் யாருக்காவது சிரிக்கத் தோன்றினால், என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.