ஜெயபாய் உறங்கிப் பார்த்த இடங்கள்

ஓர் இடத்தில் ஒருவருக்கு உறக்கம் வருவதை, அந்த இடத்தைப் பற்றிய அறிவு என்று சொல்லலாமா?

ஜெயபாயை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன். அவர் அருமனையில் பந்தல் கடை நடத்துகிறவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாமியானா, நாற்காலி, அண்டா, பாய் எல்லாம் அவரிடம்தான் வாடகைக்கு எடுப்பார்கள். கணவர் தொடங்கிய கடை. அவர் போன பிறகு இவர் எடுத்து நடத்தினார். ஒரே மகன் டெனிஷை அந்தக் கடையை வைத்துத்தான் படிக்க வைத்தார். இதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இப்படிப் பலர் உண்டு.

தனியாகச் சொல்ல வேண்டியது வேறு. எங்கள் தேவாலயத்துச் சபை ஒவ்வொரு மே மாதமும் மலைப்பக்கத்தில் வாலிபர் முகாம் நடத்தும். காட்டுக்குள் தங்க வனத்துறை விடாது. ஆகவே பேச்சிப்பாறைக்கு மேலேயோ கீரிப்பாறைப் பக்கமோ, காடு முடிந்து ரப்பர் தொடங்கும் விளிம்பில் ஏதாவது ஒரு தோட்டத்து வெளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கழிப்பறை உண்டா, பெண்பிள்ளைகள் குளிக்க மறைவு உண்டா, ஜீப் போகுமா, யானை இறங்குகிற தடமா என்பதையெல்லாம் முகாம் குழுவில் நாங்கள் பார்ப்போம். கடைசியாக ஜெயபாய் பார்ப்பார். அவர் பார்க்கும் விதம் இது: மதியத்துக்கு முன் அங்கே போவார். அந்த இடத்துத் தண்ணீரில் கஞ்சியும் சிறுபயறும் வைப்பார். சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுப்பார். உறக்கம் வந்தால் இடம் ஆகும். வராவிட்டால் ஆகாது.

இதை அவர் ஒரு முறையாகத் தொடங்கவில்லை. ஒரு வருடம், பந்தல் எங்கே போடலாம் என்று பார்த்து வர மூப்பர்கள் அவரை அனுப்பினார்கள். முந்தின நாள் முழுக்க ஒரு கல்யாண வீட்டு வேலை. போன இடத்தில் கஞ்சி குடித்துவிட்டு அசந்து உறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது, "எடம் எப்பிடி?" என்று கேட்டார்கள். "நல்ல ஒறக்கம் வந்துது" என்றார். வேறு சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அந்த முகாம் நன்றாக நடந்தது. அடுத்த வருடமும் அனுப்பினார்கள். மூன்றாவது வருடம், ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்: "ஜெயபாய் ஒறங்கியாச்சா?" அவருக்கு வந்த உறக்கத்தை விதியாக ஆக்கியது சபைதான்.

மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற நான் இந்தக் குழுவுக்குச் செயலாளராக வந்தபோது இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். முதல் தடவை அவருடன் போனது காங்கிரீட் கூடமும் குழாயும் உள்ள ஓர் எஸ்டேட் இடத்துக்கு. போதகருக்குப் பிடித்திருந்தது, எங்களுக்கும் பிடித்திருந்தது. ஜெயபாய் படுத்தார், புரண்டார், எழுந்து உட்கார்ந்தார்.

"வரல்ல சாரே."

"ஏன் வரல்ல?"

"அது தெரிஞ்சா நான் ஒறங்கியிருப்பேம்லா."

ஜீப்பின் உரிமையாளரும் ஓட்டுநருமான யோவான் அண்ணன் பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார்: "நேத்து வீட்டில நல்லா ஒறங்கிட்டு வந்திருப்பா. பின்ன பகல்ல எங்கேருந்து வரும்?"

"அண்ணே, நீங்க வண்டி ஓட்டிக்கிட்டே ஒறங்குவிய. ஒங்களுக்கு எல்லா எடமும் நல்ல எடம்தான்."

அந்த இடத்தை விட்டுவிட்டோம். எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு விடுமுறை நாளில் தனியாக அங்கே போய், அவர் படுத்த இடத்தில் நானும் படுத்துப் பார்த்தேன். காற்று திரும்பியபோது ரப்பர்ப் பால் உறைய வைக்கும் கொட்டகையின் நாற்றம் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எழுந்தேன். பாதி வழி இறங்கிய பிறகுதான் உறைத்தது: அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது ஏன் உறக்கத்தைக் கெடுக்க வேண்டும்? அவர் விட்டுவிட்ட வேறு இடங்களுக்கும் போய் வந்தேன். ஒன்றில் எறும்பு. ஒன்றில் தேடித் தேடியும் ஒன்றுமே அகப்படவில்லை. நல்ல நிழல், நல்ல தண்ணீர், ஒரு சத்தமும் இல்லை. அங்கே நான் நன்றாகவே உறங்கினேன்.

அவரிடமே கேட்டேன். பதில் சொல்ல அவருக்குத் தயக்கம் ஒன்றும் கிடையாது, சொல்வதற்குத்தான் அதிகம் இல்லை. "நிண்ணா நமக்குப் பாக்கத்தான் தோணும் சாரே. கிடந்தா பாக்க ஒண்ணும் இல்ல. பின்ன ஒறக்கம் வரும், இல்லண்ணா வராது."

அவர் உறங்கிய இடங்களெல்லாம் நல்ல இடங்கள் என்றும் சொல்ல மாட்டேன். கோதையாறு போகிற வழியில் ஒரு தோட்டத்தில் பாய் விரித்ததும் உறங்கிப்போனார். அந்த முகாமில் பிள்ளைகளின் கால்களிலெல்லாம் அட்டை. இரண்டாம் நாள் விடியற்காலையில் காட்டுப்பன்றிகள் வந்து அரிசிச் சாக்கைக் கிழித்து இறைத்துவிட்டன. பக்கத்து வீடுகளில் மரச்சீனிக் கிழங்கு வாங்கி அவித்துத்தான் மீதி நாட்களை ஓட்டினோம். எங்கள் குழுவின் பெமிலா ஒரு பள்ளி ஆசிரியை, எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிறவள்.

"ஏன் அக்கா, பன்னி வரும்னு ஒறக்கத்தில தெரியல்லியா?"

"பன்னிக்கும் மத்தியானம் ஒறக்கம்தான் மக்கா."

பெமிலா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது சரியான பதில். மதியம் உறங்கிப் பார்க்கிறவரிடம் விடியற்காலையைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. ஒரு முறை தவறியதால் அது பொய் ஆகிவிடாது. பல முறை பலித்ததால் மெய்யும் ஆகிவிடாது. இவ்வளவு காலம் பார்த்த பிறகும் என்னால் இதற்கு மேல் ஓர் அடி போக முடியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதற்கும் உறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். போதகர் விரும்பிய இடத்தில், நாங்கள் எல்லோரும் காத்து நின்ற இடத்தில், உறங்கினேன் என்று ஜெயபாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவரும் மறுத்திருக்க முடியாது. அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. ஆகவே நாங்கள் நம்பியது அவருடைய உறக்கத்தையா, அவர் சொல்லையா என்பதுகூட எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

டெனிஷ் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது இந்தச் சந்தேகம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. அங்கே பெரிய கம்பெனிகளின் கூடார முகாம்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தவன் அவன். அந்த அனுபவத்தை வைத்து, பேச்சிப்பாறைக்கு மேலே, ஓடையோரம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தான். மரங்களைச் சில இடங்களில் மட்டும் வெட்டி, கூடாரங்கள் அடித்து, சுத்தமான கழிப்பறைகள் கட்டினான். சம்பாதித்தது முழுவதையும் அதில் போட்டுவிட்டான் என்று ஊருக்கே தெரியும். எங்கள் மாவட்டத்தில் இந்தத் தொழில் நிலைக்க வேண்டுமானால் சபைகள் வர வேண்டும். சபைகள் வர வேண்டுமானால் முதலில் ஒரு சபை வர வேண்டும். அவன் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தான்.

"சாரே, நம்ம சபை முகாம் மொதல்ல எனக்க எடத்தில நடக்கணும். நல்லா இல்லண்ணா வேண்டாம், பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா அம்மைக்க சபையே வரல்லண்ணா பின்ன எவன் வருவான்? 'ஒனக்க அம்மையே ஒறங்கல்லியாமே'ன்னு கேப்பான்."

அவன் சொன்னது உண்மை. குழு கூடியபோது, இந்த ஒரு தடவை வேறு யாராவது பார்த்து வரட்டும் என்று நான் சொன்னேன். மகனுடைய இடம், ஆகும் என்றாலும் பேச்சு வரும், ஆகாது என்றாலும் பேச்சு வரும். ஜெயபாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆரு ஒறங்குவா? நீங்களா? நீங்க கண்ண மூடினா யோசிச்சுக்கிட்டுல்லா கிடப்பிய."

"அக்கா, அவன் உங்களுக்க மகன்லா" என்றாள் பெமிலா.

"பின்ன? மவனுக்க எடம்னா வெயில் அடிக்காதா, மழ பெய்யாதா?"

அன்று அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், பிறகு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். டெனிஷ் முதல் வருடம் முழுவதும் ஈ ஓட்டினான். கூடாரங்களில் பூஞ்சை பிடித்தது. கத்தாருக்கே திரும்பிப் போகிறான் என்று பேச்சு அடிபட்டது. அதன் பிறகு குலசேகரத்திலிருந்து ஒரு சபை வந்தது, அவர்கள் சொல்லி இன்னொன்று வந்தது, கல்லூரிப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். யானை வரவில்லை, ஓடை கரை மீறவில்லை, ஒருவரும் வழுக்கி விழவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையே சண்டை இல்லை. அங்கே பெரிய சமையல் என்றால் அண்டா அருமனையிலிருந்துதான் போகிறது. எங்கள் சபை அந்த மே மாதத்தில் நடத்திய முகாம் வேறோர் இடத்தில், மழையில், எல்லா வருடங்களையும் போல நடந்து முடிந்தது. ஆகவே ஜெயபாய் அன்று சொன்னதற்கு விளக்கத்தைப் பின்னால் நடந்தவற்றில் தேடிப் பயனில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அவரிடமும் ஒரு தடவை கேட்டேன். "அண்ணு சொன்னேம்லா சாரே" என்றார். அன்று அவர் காரணம் என்று எதையும் விளக்கவில்லை.

அன்று மார்ச் மாதம், வெயில் தொடங்கியிருந்தது. யோவான் அண்ணனின் ஜீப்பில் ஜெயபாய், பெமிலா, நான். டெனிஷ் வாசலிலேயே நின்றான். கோழி பிரியாணி தயாராக இருந்தது. ஜெயபாய் அதைத் திறந்து பார்த்து, "நல்ல மணம். பணிக்காரங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டு ஓடைக்குப் போய் தண்ணீர் எடுத்து வந்தார். கல் கூட்டிக் கஞ்சி வைத்தார். ஒரு கூடாரத்தில் டெனிஷ் கட்டிலும் மெத்தையும் போட்டு விரிப்பு விரித்திருந்தான். அதைப் பார்த்ததும் யோவான் அண்ணன், "லஞ்சம் லஞ்சம்" என்றார். ஜெயபாய் எப்போதும்போல வெளியே, ஓர் ஆயினி மரத்தடியில் பாயை விரித்தார்.

நாங்கள் இடத்தைச் சுற்றிப் பார்த்தோம். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெமிலாவுக்கும் கிடைக்கவில்லை, அது அபூர்வம். திரும்பி வந்தபோது டெனிஷ் வானொலியை நிறுத்தியிருந்தான். நாயைக் கட்டிப்போட்டிருந்தான். விறகு பிளந்துகொண்டிருந்தவரை ஜாடையால் தடுத்துவிட்டு, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சற்றுத் தள்ளி நின்றான்.

"பரீட்ச ஹால் மாதிரி இருக்கு" என்று பெமிலா என் காதில் சொன்னாள்.

ஜெயபாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து, மகன் நின்ற திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்தது. குறட்டை வந்தது. நான் அவருடன் போன இடங்களில் எங்கேயும் அவர் குறட்டை விட்டுக் கேட்டதில்லை.

"எடம் பாஸ்" என்றார் யோவான் அண்ணன்.

டெனிஷ் அப்போதுதான் உட்கார்ந்தான். எங்களுக்குச் சாயா கொண்டு வரச் சொன்னான். சிரித்துக்கொண்டே, பிள்ளைகளுக்கு ராத்திரி என்ன சாப்பாடு வைக்கலாம் என்று பெமிலாவிடம் மெதுவான குரலில் கேட்கத் தொடங்கினான். புட்டும் பயறும் போதும் என்றாள் அவள். பெண்பிள்ளைகளுக்கு ஓடையை ஒட்டிய வரிசையை ஒதுக்கலாம் என்று அவன் கைகாட்டினான். நான் தலையாட்டினேன்.

வெயில் நகர்ந்து முகத்தில் விழுந்தபோது ஜெயபாய் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போலச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல ஒறக்கம்" என்றார்.

"அப்பம் மே மாசம் ஒதுக்கிப் போடட்டா அம்மா?"

அவர் ஓடைக்குப் போய் முகம் கழுவினார். பாயை உதறிச் சுருட்டினார். கஞ்சிப் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீர் வடிய விட்டார். டெனிஷ் பின்னாலேயே நடந்தான்.

"பிள்ளையளுக்கு இஞ்ச வேண்டாம் மக்கா."

"ஒறங்கினியேம்மா."

"ஒறங்கினேன். நீ காவல் நிண்ணியே."

"பின்ன?"

அவர் மகனுடைய சட்டையில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டார். பானையை ஜீப்பில் வைத்தார். முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, வண்டிய எடுங்க. களியலுக்கு மேல ஒரு எடம் உண்டும்னு சொன்னியல்லா. அதயும் ஒண்ணு பாப்போம்."