நூல் கட்டிய டின்

காட்டிக் கொடுத்தவளாம், நெய்க்கடை மருமகள்! குழாயடியில் நின்றுகொண்டு எப்படித்தான் வாய் கூசாமல் பேசுகிறார்களோ. "தனிக்குடித்தனம் போகணும்னு மாமனாரை மாட்டிவிட்டுட்டா" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. யாரோடு குடித்தனம் பண்ண? புருஷன்தான் இன்னும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே.

வனஸ்பதியையும் பாமாயிலையும் காய்ச்சி எசன்ஸ் விட்டவர் மாமனார். டப்பாவில் 'சுத்தமான பசு நெய்' லேபிள் ஒட்டியவள் மருமகள். ஒட்டினாள், இல்லையென்று யார் சொன்னது? வந்த புதிதில் மாட்டேன் என்றவளின் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கியவள் மாமியார்.

கடையில் ஒரே ஒரு டின்தான் அசல் நெய். அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு நூல். சோதனைக்கு யார் வந்தாலும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு எதற்கும் தொடக்கூடாது.

தொட்டது யார்? மகளும் மாப்பிள்ளையும் வந்து தங்கியபோது மாமியார்தான் கரண்டி கரண்டியாக அள்ளினாள். டின் காலியானதும், புருஷனுக்குப் பயந்து கடை நெய்யை ஊற்றி நிரப்பி வைத்தாள்.

"அத்தை, திடீர்னு யாராவது வந்துட்டா?"

"வாயை மூடுடி. வர்றவன் நக்கியா பாக்கப் போறான்?"

வந்தார்கள். மாமனார் கண்ணைக் காட்டினார். மருமகள் நூல் கட்டிய டின்னைத்தான் எடுத்து வைத்தாள். "தாராளமா எடுங்க சார், கலப்படம்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது" என்று மாமனார் இளித்தார். அதிகாரி சாம்பிளைப் பாட்டில்களில் ஊற்றி, அவர் கண்ணெதிரிலேயே அரக்கு வைத்துக்கொண்டு போனார். சோதனை முடிவு வந்தது. கடைக்கும் அரக்கு வைத்தார்கள்.

"இந்தச் சண்டாளிதான் நூலை மாத்திக் கட்டினா!" முந்திக்கொண்டாள் மாமியார்.

மாமனார் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நாளைக்கு அந்த அதிகாரி ஆபீசுக்கு வந்து, எங்களுக்குத் தெரியாம நான்தான் கலந்தேன்னு சொல்லிடு. பொம்பளைன்னா கண்டிச்சு விட்டுடுவாங்க."

"எனக்குப் பசை காய்ச்சத்தான் தெரியும், மாமா. டின்னை ரொப்பினது யாருன்னு அத்தையைக் கேளுங்க."

"பாத்தீங்களா, என் தலையிலேயே கட்டுறா! எங்க சோத்தைத் தின்னுட்டு எப்படிப் பேசுது பாரு!"

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டே முனகினான். "சொல்லிட்டுத்தான் போயேன். நம்ம குடும்ப மானம்…"

"அதுக்கும் லேபிள் நான்தான் ஒட்டணுமா?"

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அரக்கு வைத்த கடைக்கதவை ஒட்டிய சந்து வழியாகத் தெருவில் இறங்கினாள்.

"போனா போனதுதான், திரும்பி வராதே!" மாமியார் வாசலிலிருந்து கத்தினாள்.

குழாயடியில் குடங்கள் வழிந்துகொண்டிருந்தன, வேடிக்கை பார்த்தவர்கள் எவரும் குழாயை மூடவில்லை. அவள்தான் போகிற போக்கில் மூடிவிட்டுப் போனாள்.