என் தலைப்பாகைக்குள் பார்த்த அருளப்பன் டாக்டர்

நண்பர்களே, யாராலும் நம்ப முடியாத ஒரு கதையை இன்று சொல்லப்போகிறேன். தயவுசெய்து நம்பாமலே படியுங்கள்.

அருளப்பன் டாக்டர் போய்விட்டார்... இன்று காலையில். பினாங்கு ஸ்திரீட்டில் டிஸ்பென்சரி வைத்திருந்தாரே, அவர்தான்.

செய்தி கேட்ட கையோடு வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். அடியில் இடம் விட்டிருக்கிறேன். அவர் கொடுத்த கசப்பு மிக்ஸ்சரைக் குடித்துப் பிழைத்தவர்கள் ஆளுக்கு ரெண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

என் பங்குக்கு இது.

சீனாவில் ராஜா ஆட்சி போய், இங்கேயும் சீன ஆண்கள் முதுகில் தொங்கிய சடையை அறுத்துப் போட்ட காலம். என் அக்கா மகள் பாக்கியத்துக்கு எட்டு வயது. அவள் தலையில் முடி விரல்கடைக்கு மேல் வளராது... வளர்ந்தால் ஒடிந்துவிடும்.

தொத்து வியாதி, டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் வரக் கூடாது என்று ஸ்கூலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருக்கும்.

"நாலு முடி கொண்டு வாங்க, மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

என் அக்காவுக்கு மானம் பெரிது. மகளின் ஒடிந்த முடியைக் கொடுக்கக் கூசி, தான் கொண்டையில் வைத்துக் கட்டும் சவுரியிலிருந்து நாலு முடியை உருவினாள். எண்ணெய் தடவி, மல்லிகை மணக்கப் பொட்டலம் கட்டினாள். பிள்ளைக்கு முக்காடு போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த மைக்ராஸ்கோப் இருக்கிறதே... கோட்டைப் பீரங்கியை நிமிர்த்தி வைத்த மாதிரி! அதில் ஒரு கொசுவை வைத்தால் கொடிமலை உச்சிப் பங்களாவில் இருக்கிற வெள்ளைக்காரன் யானை என்று நினைத்துத் துப்பாக்கியோடு இறங்கி வருவான்.

டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது யார் முடி?"

"எங்க பாக்கியத்தோடதுதான் டாக்டர்."

"ரெண்டு முனையும் கத்தரி பட்டிருக்கு. வேரே இல்ல. ஒடிசலும் இல்ல, நல்ல கனம். பிள்ளைக்குச் சீனத்துல சித்தப்பா யாரும் இருக்காரா?"

அந்த வருஷத்துச் சவுரியெல்லாம் யார் அறுத்துப் போட்ட சடையிலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். அக்கா தரையைப் பார்த்தாள்.

டாக்டர் பாக்கியத்தின் முக்காட்டை மெல்ல விலக்கினார். பிடுங்கினால் ஒடியும் என்று, ஒரு முடியைத் தோலை ஒட்டிக் கத்தரித்தார். ஸ்பிரிட்டில் எண்ணெய் போகத் துடைத்து, கண்ணாடித் துண்டில் கிடத்தி, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியை மூடினார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

பாசிமணி கோத்த மாதிரி இருந்தது... ஒரு உருண்டை, ஒரு இடுக்கு, ஒரு உருண்டை, ஒரு இடுக்கு. ஒடிந்திருந்தது இடுக்கில்தான்.

"இது தொத்து இல்ல. பிறவியில வர்றது. ஆனா நான் சொன்னா ஸ்கூல்ல நம்பணுமே... குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

அக்கா இப்போது கூரையைப் பார்த்தாள். நான் என் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உங்களுக்கெல்லாம் தெரிந்த தலைப்பாகைதான். புலி நக்கிய தலை, காற்றுப் படக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே! கல்யாணத்தன்றும் கழற்றவில்லை. தூக்கத்திலும் கழற்றியதில்லை.

"சொல்லேன்லா தம்பி" என்று அக்கா முழங்கையால் இடித்தாள்.

"எனக்கென்ன? என்னோடது புலி..."

"புலியாவது எலியாவது! பிள்ளை ஸ்கூலுக்குப் போகணும்டா!"

அரைக்கதவுக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆள். எல்லாம் நம் தெருக்காரர்கள். என் கை மேலே எழும்பவில்லை.

"மாமா, உங்களுக்கும் என்னை மாதிரியா?"

பாக்கியம்தான் கேட்டாள். சந்தோஷமாகக் கேட்டாள்... அதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டர் எழுந்து போய்ப் பெரிய கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

அவிழ்த்தேன். அவிழ்க்க அவிழ்க்க, கடல் தாண்டி அக்கரைப் பட்டர்வொர்த் வரைக்கும் போகும் அந்தத் துணி. கடைசிச் சுற்று விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காதோரம் கத்தரி ஒரு சத்தம் போட்டது.

அதே பாசிமணி.

சர்டிபிகேட்டில் 'தாய்வழி உறவினர் ஒருவருக்கும் உண்டு' என்று எழுதினார்.

"டாக்டர்... என் பேரு?"

"பேரு எதுக்கு?"

மறுநாள் பாக்கியம் ஸ்கூலுக்குப் போனாள். நான் கோயிலுக்குக்கூடப் போகாமல் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. இனி இந்தப் பலகை முன்னால் நின்று என் தலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல முக்கால்வாசி நான் திரித்த கயிறுதான்.

போய் வாருங்கள், டாக்டர். நான் கண்ணைத் திறந்தபோது நீங்கள் சிரிக்கவில்லை... அது மட்டும் நிஜம்.