நாலு கதவும் ஒரே சத்தத்தில்

"வாஷிங் மிஷினுக்கு ஒயர் போடறவ காருக்குப் பூட்டு மாட்டப் போறாளாம். மச்சான், நீ வண்டில சவாரி ஏத்தப் போறியா, துணி தொவைக்கப் போறியா?"

சொன்னவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். சொன்ன இடம் மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு வாசல். அவர் சொன்னதில் பொய் இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில், வாஷிங் மெஷின் கதவுப் பூட்டுக்கு ஒயர் கட்டும் பிரிவில்தான் நான் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடாமல் முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அன்றைய பேச்சு அப்பாவின் காரைப் பற்றி. வயதான கார்தான், ஆனால் இன்ஜின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடும். அப்பா அதில் ஒரு ஹோட்டலுக்கு வாடகை ஓட்டிக்கொண்டிருந்தார். விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போய்க் கடற்கரைக் கோயில், ரதங்கள், கோவளம் என்று காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவர்கள் பெட்டி, பையெல்லாம் வண்டியில்தான் இருக்கும். ஆனால் வண்டியைப் பூட்ட முடியாது.

முதலில் ஓட்டுநர் பக்கத்துச் சாவித் துவாரம் கெட்டது. சாவி உள்ளே போகும், திரும்பாது. அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தன் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்தே பூட்டிவிட்டு, கியரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு, இடப்பக்கமாக நகர்ந்து இறங்கி அந்தக் கதவைச் சாவியால் பூட்டுவார். வெள்ளை வேட்டி கட்டிய நாளில் இதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பிறகு இடப்பக்கத்துத் துவாரமும் இறுகிக்கொண்டது. அதிலிருந்து அப்பா வண்டியைவிட்டு இறங்குவதே இல்லை. விருந்தினர்கள் சுற்றிவிட்டு வரும்வரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காவல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவசரத்துக்கு ஒதுங்கிய நேரத்தில் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். திறந்து கிடந்த வண்டியையும் தங்கள் பையையும் பார்த்தார்கள். எதுவும் காணாமல் போகவில்லை. ஆனாலும் ஹோட்டல் மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டு, பூட்டாத வண்டியை இனிமேல் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

மாமா உடனே கூடுவாஞ்சேரியில் பழைய கார் வாங்குகிற ஒருவரைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவர் வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. அப்பா 'சரி' என்றார். அந்த 'சரி'யை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வண்டி போனால் அப்பா யாரோ ஒருவருடைய வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டும்.

"நைனா, ஞாயித்துக்கிழம சாய்ந்தரம் வரிக்கும் வண்டிய என்னாண்ட வுடு. பூட்டையும் சரி பண்றேன், ரிமோட்டும் வெக்கிறேன்" என்றேன். அதற்குத்தான் மாமாவின் வாஷிங் மெஷின் பதில். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"வுடு மச்சான். எப்டியும் விக்கப்போற வண்டி. பாப்பா பாக்கட்டும்."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகச் செங்கல்பட்டுக்குப் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சென்ட்ரல் லாக் செட் கேட்டேன். "எந்த மெக்கானிக் அனுப்புனாரும்மா?" என்றார் கடைக்காரர். "நான்தாண்ணா மெக்கானிக்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஒயரிங் படத்தை விரித்துப் படித்தேன். நாலு குட்டி மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டு ரிமோட். ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு ஐந்து ஒயர், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. தொழிற்சாலையில் தினமும் நான் பார்க்கிற அதே குடும்பத்து ஆட்கள். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சையாமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுநர் கதவில் கை வைத்தேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை நுழைத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் உள்ளே இருக்கும் கிளிப் தெறித்து வரும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். தெறித்து வந்தது, நேராக மாமாவின் காலடிக்கு. வேடிக்கை பார்ப்பதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மொத பார்ட்டு கயண்டுச்சி" என்றார்.

உட்பக்க அட்டையை எடுத்ததும் கதவின் வயிறு தெரிந்தது. கம்பிகள், நெம்புகோல்கள், எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு. சாவியைச் செருகும் உருளையைப் பின்னாலிருந்து ஒரு தகடு பிடித்திருந்தது. தகட்டை உருவி, உருளையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

துரு இருக்கும் என்று நினைத்தேன். கடலோர வண்டி, எல்லோரும் உப்புக் காற்றைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் உள்ளே இருந்தது துரு இல்லை. மஞ்சளாக, ஜன்னல் கண்ணாடி ஆடாமல் இருக்க ஓரத்தில் அப்புகிற மக்கு மாதிரி கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் கிளறினேன். நடுவில் சிவப்பாக ஒரு கோடு. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா வண்டிக்குப் பொட்டு வைப்பாள். பீரோவுக்கும் வீட்டுக் கதவுக்கும் எங்கே வைப்பாளோ அங்கேயேதான் காருக்கும்: சரியாகச் சாவித் துவாரத்தின் மேல். ஆயுத பூஜை என்றால் இன்னும் தாராளம். சாவி போகும்போதெல்லாம் சந்தனமும் குங்குமமும் உள்ளே போயிருக்கின்றன. சாவி இறுகும்போதெல்லாம் அப்பா தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். பக்கத்துச் சிற்பப் பட்டறையில் கல் அறுக்கும்போது பறக்கிற தூள் அந்த எண்ணெயில் வந்து ஒட்டியிருக்கிறது. இவ்வளவு வருஷமாக மூன்று பேர் சேர்ந்து பொறுமையாகப் பூசிய பூச்சு அது. இடப்பக்கத்து உருளையையும் கழற்றினேன். அதிலும் அதே மஞ்சள். எனக்கு ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மா அங்கேயே நின்றிருந்தாள்.

"இன்னாடி அது?"

மறைக்க முடியவில்லை. உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மாமாவுக்குக் கேட்கவா வேண்டும், நாற்காலியோடு குலுங்கினார். "தங்கச்சி, நீ பூட்டுக்கு வாயிலயே ஊட்டி வுட்டிருக்கியே."

அம்மா அசரவில்லை. "சிரி. இத்தினி வருசத்துல இந்த வண்டிக்கு ஒரு கீறல் வுழுந்துதா சொல்லு. ஒன் வண்டிதான் ரெண்டு வாட்டி கால்வாய்ல எறங்குச்சி."

மாமா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எனக்கு அம்மாவின் மேல் பெருமையாக இருந்தது.

உருளைகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மஞ்சள் கரைந்து வர வர உள்ளே சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் பளபளவென்று தலைகாட்டின. எண்ணெய் ஒரு சொட்டுகூட விடவில்லை. பென்சில் முனையைச் சுரண்டிப் பொடியாக்கித் தூவினேன். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். வெண்ணெயில் போவது போலத் திரும்பியது. அப்பா கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்ப்பார்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் எழுந்திருக்கவில்லை. அம்மா உருட்டி உருட்டி வாயில் போட்டாள். ஒவ்வொரு கதவிலும் மோட்டாரைப் பொருத்தி, அதன் கம்பியைக் கதவின் பூட்டுக் கம்பியோடு இறுக்கி, கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயரை நுழைத்தேன். அதுதான் உயிரை வாங்கியது. கடைசியில் அம்மாவின் ஊக்கும் ஒரு துடைப்பக் குச்சியும் உதவின.

பேட்டரியை இணைத்துக்கொண்டிருக்கும்போது கூடுவாஞ்சேரிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். அப்பா உள்ளே போய் வண்டி ஆவணங்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து கையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்க ரிமோட்டை அழுத்தினேன்.

டக். மூன்று கதவுகள் பூட்டிக்கொண்டன. பின்பக்க இடது கதவு மட்டும் பூட்டைத் திறந்துகொண்டது. மறுபடி அழுத்தினேன். மூன்று திறந்தன, அது பூட்டியது.

"அந்தக் கதவு இன்னா, எதிர்க்கட்சியா?" என்றார் மாமா. வந்தவரும் சிரித்தார்.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கைகால் பரபரத்தது, பயத்தில் இல்லை. மோட்டார் வேலை செய்கிறது, திசைதான் தலைகீழ். அந்தக் கதவில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்து மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அட்டையைத் திறந்தேன், இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன், அழுத்தினேன்.

டக். நாலு கதவும் ஒரே சத்தத்தில்.

அப்பா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். பூட்டினார், திறந்தார். தெருவைத் தாண்டிப் போய் அங்கேயிருந்து பூட்டினார். சிற்பப் பட்டறைச் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று திறந்தார். இண்டிகேட்டர் கண் சிமிட்டும்போதெல்லாம் பட்டறையில் இருந்தவர்கள் உளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்து பிளாஸ்டிக் உறையை அம்மாவிடம் கொடுத்தார்.

"மச்சான், அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கூட்டிகினு போ. வண்டி விக்கல."

மறுநாள் ஹோட்டல் மேலாளர் தானே நாலு கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு சவாரி கொடுத்தார். நான் தொழிற்சாலையில் இருந்தபோது அப்பாவின் போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"பாப்பா, அவங்க கோயில் பாக்கப் போயிக்கிறாங்க. நான் கடலாண்ட நின்னு டீ குடிச்சிகினு கீறேன்."

"வண்டி?"

"பூட்டிக் கீது."

வேறு எதற்கும் அவர் கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரிமோட்டை எடுத்தால் பொத்தான் மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். "சாவித் துவாரத்துல வெக்கக் கூடாதுன்னு சொன்னியே" என்றாள் அம்மா. துடைத்துவிட்டு ரிமோட்டை கண்ணாடி மாதிரி தெரிகிற ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். இப்போது பொட்டு உறையின் மேல் இருக்கிறது. அம்மாவுக்கும் திருப்தி, பூட்டுக்கும் திருப்தி.

அப்பாவோடு ஸ்டாண்டில் நிற்கும் இன்னொரு டிரைவர் அண்ணன் முந்தாநாள் சாயந்தரம் தன் வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். அவரிடம் நான் முதலில் கேட்டது, "அண்ணா, வூட்ல வெள்ளிக்கிழம பொட்டு எங்க வெக்கிறாங்க?" என்றுதான். அவர் யோசித்துவிட்டுச் சாவித் துவாரத்தைக் காட்டினார். செங்கல்பட்டுக் கடையில் இரண்டாவது செட் வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் இந்த முறை யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. இன்று காலை முன்பக்கத்து இரண்டு கதவின் அட்டையையும் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு உருளைகளும் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன.